ஒரு படமும் இரண்டு மரத்தாராவும்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
3.3.1985

அன்புள்ள கோணேசுக்கு,

நீ ஜனவரியில் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. வாசித்துவிட்டு இருக்க முடியவில்லை. அறைக்குள் நடந்தேன். ஆறு பேர் படுக்கிற அறையில் நடக்க நாலு அடி இடம்தான் உண்டு. "பாக்கியண்ணை, ஒரு இடத்தில இருங்கோவன், எங்களுக்குத் தலை சுத்துது" என்று கூட இருப்பவர்கள் கத்தினார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நடந்தேன்.

உன்னுடைய ஸ்பொன்சர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டால் இமிகிரேஷன் கந்தோரில் இருக்கிற பெண் சிரிக்கிறாள். கலியாணம் கட்டி ஐந்து மாதம் சேர்ந்திருந்தோம், பிரிந்து இருபது மாதம் ஆகிறது. இதை அவளுக்கு எந்த இங்கிலீசில் சொல்வது?

சரி, ஒரு புதினம் கேள். நேற்று நான் தண்ணீருக்கு மேலே நடந்தேன். சத்தியமாகத்தான். நான் வேலை செய்வது வேலிப் பலகை செய்யும் தொழிற்சாலை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே எங்களை மேய்க்கிற போமன், றொபேட் என்று ஒருவர், அஜக்ஸில் வீடு. கழித்துப் போடும் சீடர் பலகைத் துண்டுகளை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அடுப்புக்கு என்று நினைத்தேன். பார்த்தால் தாராவுக்கு வீடு கட்டுகிறார்! வூட் டக் என்று இங்கே ஒரு காட்டுத் தாரா. நான் அதற்கு மரத்தாரா என்று பெயர் வைத்திருக்கிறேன். நிலத்தில் முட்டையிடாது. மரப் பொந்துதான் வேண்டும். பொந்து விழுகிற பழைய மரங்களை எல்லாம் முன்னோர்கள் வெட்டிவிட்டார்கள், அதோடு கண்டபடி சுட்டும் தள்ளினார்கள், இனமே அழியப் பார்த்ததாம். இப்போது ஆட்கள் பெட்டி செய்து சதுப்பில் தூக்குகிறார்கள். உயரம் இருபத்து நாலு அங்குலம், வாசல் நாலுக்கு மூன்று. உள்ளே நாலு அங்குலம் மரச்சீவல் போடவேண்டும். இந்தத் தாராவுக்கு ஒரு புல்லுக்கூடக் கொண்டுவந்து கூடு கட்டத் தெரியாது, நம்மைப் போலத்தான். றக்கூன் என்று கீரியை ஊதி வைத்தமாதிரி ஒரு கள்ளன் உண்டு. அவன் ஏறி முட்டையைத் தின்னாமல் கம்பத்தில் தகரத்தால் ஒரு கூம்பு மாட்டவேண்டும்.

கோடையில் போனால் சேறு இடுப்புவரை. அதனால் சதுப்பு உறைந்திருக்கும்போதே பனிக்கட்டியில் துளை போட்டுக் கம்பத்தை இறக்குகிறார்கள். நேற்று நாலு பெட்டி தூக்கினோம். பிறகுதான் தெரிந்தது, இதே றொபேட் செப்டெம்பரில் துவக்கோடு வந்து இதே தாராவைச் சுடுவாராம்! சுடுகிறவனே வீடும் கட்டுவானா என்று கேட்டேன். "நான் இரண்டைத் தின்கிறேன். இருபதுக்கு இடம் வைக்கிறேன். உனக்கு இதில் என்ன குழப்பம்?" என்றார். எனக்குக் குழப்பம்தான்.

தாள் முடிகிறது. நாகேஸ்வரி மச்சாளையும் உன் அண்ணன் கனகசிங்கம் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பாக்கியராசா


மட்டக்களப்பு
2.4.1985

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். மூன்று பக்கம் தாரா. எனக்கு நாலு வரி. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அடுத்த முறை அந்தத் தாராவுக்கே நேரே எழுதிப்போடுங்கள், எனக்குத் தபாற்காரனைப் பார்த்து நிற்கிற வேலை மிச்சம்.

ஆனால் அண்ணனுக்கு இந்தக் கடிதம் என்றால் உயிர். நெல் ஸ்ரோரில் இருந்து வந்ததும் வராததுமாக "மச்சான்ட கடிதம் எங்க கா?" என்று கேட்டு எடுத்து, அண்ணிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். பிறகு பென்சில் எடுத்து உங்கள் பெட்டியை அளவோடு கீறினார். வாசல் நாலுக்கு மூன்றா மூன்றுக்கு நாலா என்று அண்ணியோடு சண்டை. ஸ்ரோர்க் கணக்குப் பிழைத்தாலும் இவ்வளவு யோசிக்கமாட்டார்.

அதனால் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு எழுதுவதை வீட்டுக்கு எழுதுங்கள். எனக்கென்று ஒரு தாளைத் தனியாக, சின்னதாக மடித்து உள்ளே வையுங்கள். அதை நான் மட்டும் வாசிப்பேன், அண்ணன் தொடமாட்டார், கேட்டுவிட்டேன். அந்தத் தாளில் தாரா வரக்கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்பதே எனக்கு மறந்துபோகிறது, மச்சான். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே ஆமியின் சுற்றிவளைப்பு அடிக்கடி. பகலில் ஆண்களைத் தெருவுக்கு அழைத்து நிறுத்திப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். அண்ணன் அரசாங்க நெல் ஸ்ரோர்க்காரர் என்றபடியால் கரைச்சல் இல்லை.

உங்கள்,
கோணேஸ்வரி


அஜின்கோர்ட்
6.10.1985

அன்புள்ள கோணேசுக்கும் வீட்டில் எல்லோருக்கும்,

இந்தக் கடிதத்துக்குள் ஒரு படம் இருக்கிறது, மடியாமல் எடுங்கள். கனகசிங்கம் அத்தான் முதலில் பார்க்கவேண்டும். கதிரையில் இருந்து பார்க்கச் சொல்.

போன சனிக்கிழமை வேட்டைக்குப் போனோம். விடியற்புறம் நாணலுக்குள் பதுங்கி இருந்தோம். தாரா கூட்டமாக இறங்கியது. படத்தில் என் கையில் தொங்குகிற இரண்டும் நான் சுட்டவைதான். ஆணின் தலையைப் பாருங்கள், பச்சையும் ஊதாவும் வெள்ளைக் கோடும், கண் சிவப்பு. கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்தமாதிரி. உடுப்பு வேட்டைக்காரர் உடுக்கிற பச்சை உடுப்பு, தாராவுக்கு ஆள் தெரியக்கூடாது என்று. துவக்கு எப்படி என் தோளில் நிற்கிறது என்று அத்தான் சொல்லவேண்டும். றொபேட் சொன்னார், பிறவி வேட்டைக்காரன் என்று.

நாங்கள் மார்ச்சில் தூக்கிய நாலு பெட்டியில் மூன்றில் குஞ்சு பொரித்தது. அதனால் இரண்டைச் சுட்டதில் பாவம் இல்லை என்று என் மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

பாக்கியராசா

தனித் தாள்

கோணேஸ், நான் இடப்பக்கம்தான் திரும்பிப் படுப்பேன். இப்போது சுவர்ப்பக்கம் அதுதான். படத்தைப் பார்த்து நான் எப்படி இருக்கிறேன் என்று எழுது. மெலிந்துவிட்டேனா? ஆம்பிளை மாதிரி இருக்கிறேனா? உடனே எழுது. தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறேன், தபால் ஒரு தரம்தான் வரும் என்று தெரிந்தும்.


மட்டக்களப்பு
11.11.1985

அன்பு மச்சானுக்கு,

படம் வந்தது. அண்ணன் கதிரையில் இருந்து பார்க்கவில்லை, எழும்பி நின்றுவிட்டார். "எங்கட மச்சான் கனடாவில பெரிய வேட்டக்காரன் கா!" என்று அயலில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரோருக்குப் போகிறார். நெல் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் உங்களைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியின் அளவுகூடத் தெரியும்.

நான் எப்படி என்று கேட்டீர்கள். எனக்குப் படம் பிடிக்கவில்லை. கோபிக்கவேண்டாம். முகம் உங்களுடையது, மற்றது எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. பச்சை உடுப்பும் துவக்கும் இங்கே நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறதுதான். அதைக் கண்டால் கதவைச் சாத்திப் பழகிவிட்டோம். அந்த உடுப்பில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். படத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லி அண்ணனிடம் இரண்டு தரம் சொன்னேன். "போடி, உனக்குப் பெருமை தெரியாது" என்றார்.

மெலிந்துதான் இருக்கிறீர்கள். அந்த இரண்டையும் யார் சமைத்தார்கள்?

கோணேஸ்வரி


மட்டக்களப்பு
14.1.1986

மச்சான்,

அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரோரில் இருந்து சைக்கிளில் வரும்போது வழியில் மறித்திருக்கிறார்கள். கூட வந்த நாலு பேரையும் விட்டுவிட்டார்கள். அண்ணனின் சட்டைப் பையில் படம் இருந்தது. "இது ஆர்?" என்று கேட்டதற்கு, "என்ட தங்கச்சிட புருசன். கனடாவில வேட்டையாடுறார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். கூட வந்தவர்கள்தான் சொன்னார்கள். எந்தக் காட்டில் பயிற்சி, உன்னை எப்போது கூப்பிட்டான் என்று கேட்டு ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். தாரா என்று அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தார்களாம்.

அண்ணி சாப்பிடவில்லை. நான் ஆமி முகாம் வாசலுக்குப் போய் நின்றேன், உள்ளே விடவில்லை.

நீங்கள் இனி ஒன்றும் எழுதவேண்டாம். படம் அனுப்பவேண்டாம். ஸ்பொன்சர் என்று தாளும் அனுப்பவேண்டாம்.

கோணேஸ்வரி


அஜின்கோர்ட்
9.2.1986

அன்புள்ள கோணேசுக்கு,

நவம்பருக்குப் பிறகு உன் கடிதம் ஒன்றும் இல்லை. படம் பிடிக்கவில்லை என்று எழுதியபிறகு நான் அனுப்பிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபமா? கோபம் என்றாலும் கோபம் என்று ஒரு வரி எழுதலாம்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பெட்டி அடிக்கிறேன். றொபேட் படியில் சறுக்கிக் கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். அதனால் இந்த முறை பெட்டிகளை நானே தூக்கினேன். ஆறு பெட்டி. எங்கே தூக்குவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய சதுப்பில் ஒவ்வொன்றாய்த் தனித்தனியே நின்றால் பார்க்கப் பரிதாபமாக இருக்கும் என்று ஆறையும் ஒரே வரிசையில், கைக்கெட்டிய தூரத்தில் நட்டேன். ஒன்றின் வாசலில் இருந்து மற்றதைப் பார்த்துப் பேசலாம். அயல் இல்லாமல் எப்படி ஒரு சீவன் குடும்பம் நடத்தும்? அத்தான் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். அவருக்கு வாசித்துக் காட்டு.

பாக்கியராசா


அஜின்கோர்ட்
2.3.1986

அன்புள்ள கோணேசுக்கும் நாகேஸ்வரி மச்சாளுக்கும்,

கடிதம் கிடைத்தது. அத்தான் சுகமாக வீடு வரவேண்டும் என்று ஒவ்வொரு நேரமும் மன்றாடுகிறேன். மச்சாள், சாப்பிடுங்கள். நான் ஏதாவது செய்யக்கூடியது இருந்தால் உடனே அறிவியுங்கள்.

பாக்கியராசா

தனித் தாள்

கோணேஸ்,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதுகிறேன். பிறகு நீ சொன்னால் நிறுத்துகிறேன்.

அந்தத் தாராவை நான் சுடவில்லை. துவக்கு என்னுடையது இல்லை. அது றொபேட்டின் துவக்கு, குண்டை எடுத்துவிட்டுத் தந்தது. தாரா இரண்டும் அவர் சுட்டவை.

நடந்தது இதுதான். நாணலுக்குள் இருந்தோம். தாரா இறங்கியது. றொபேட் எழும்பிச் சுட்டார். அந்த ஒரு வெடிக்கு நான் சேற்றில் குப்புற விழுந்துவிட்டேன். விழுந்தேன் என்றால் சறுக்கி இல்லை. தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, முகத்தைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தேன். அம்மா, அம்மா என்று கத்தினேனாம். றொபேட் தூக்கும்போது என் களிசான் நனைந்திருந்தது. அது சேற்றுத் தண்ணீர் இல்லை. அவர் தன்னுடைய மாற்று உடுப்பை எடுத்துத் தந்தார். நீ பார்த்த பச்சை உடுப்பு அதுதான். என் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாமல்தான் அதைப் போட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் எடுப்போமா என்று அவரே கேட்டார். என்னைத் தேற்றுவதற்குக் கேட்டார். நான் சிரித்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில், கொழும்பில் நான் வேலை செய்த கடை எரியும்போது இரண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் பயப்படாமல் இருந்தேன் என்று உனக்கு எழுதினேன். அதுவும் பொய். இதே கோலத்தில்தான் கிடந்தேன்.

நான் பயந்தவன் என்று உனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். ஐந்து மாதம் பார்த்த மனுசனைப் பற்றி நல்லதாக ஏதாவது நினைத்துக்கொண்டு நீ இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்காக என் அத்தான் உள்ளே இருக்கிறார். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பாக்கியராசா


அஜின்கோர்ட்
22.6.1986

அன்புள்ள கோணேசுக்கு,

நீ நிறுத்து என்று எழுதவில்லை. எழுது என்றும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒவ்வொரு கிழமையும் இங்கே உள்ள ஒரு சங்கத்துக்குப் போய் அத்தானின் பெயரைச் சொல்லி மனுப் போடுகிறேன். ஒரு பதிலும் இல்லை.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. றொபேட் கால் சுகமாகி வந்து என் வரிசையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இங்கே நீ அப்பார்ட்மென்ற் கட்டியிருக்கிறாயா?" இந்தத் தாராவுக்கு அயல் ஆகாதாம். பெட்டிகள் கிட்டக்கிட்ட இருந்தால் ஒன்று முட்டையிடப் போவதைப் பார்த்து மற்றதும் அதே பெட்டிக்குள் போய் இடும். கடைசியில் எந்தத் தாயும் அடைகாக்காது. ஏணியில் ஏறித் திறந்தேன். ஒரு பெட்டிக்குள் முப்பத்தொரு முட்டை. எல்லாம் குளிர்ந்துபோய் இருந்தன. மற்ற ஐந்தும் வெறுமை. முப்பத்தொன்றையும் நானே ஒவ்வொன்றாய் எடுத்துப் புதைத்தேன். நல்லது நினைத்துச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாக்கியராசா


அஜின்கோர்ட்
16.11.1986

அன்புள்ள கோணேசுக்கு,

கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. உன்னைக் கொழும்புக்கு மெடிக்கலுக்குக் கூப்பிடுவார்கள். அது சரி என்றால் விசா தருவார்கள். அடுத்த வருஷம் யூன் முப்பதாம் திகதிக்குள் நீ இங்கே வந்து இறங்கவேண்டும். தவறினால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து, அதுவும் கிடைக்கும் என்று இல்லை.

நான் வா என்று எழுதவில்லை. திகதியை மட்டும் எழுதுகிறேன். அறையில் மற்றவர்கள் கலண்டரை என் பக்கச் சுவரில் இருந்து கழற்றிவிட்டார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம்.

பாக்கியராசா


மட்டக்களப்பு
21.4.1987

அன்பு மச்சானுக்கு,

அண்ணன் வந்துவிட்டார். மார்ச் மாதம் கடைசியில் வந்தார். உயிரோடு வந்தார், அதை முதலில் எழுதுகிறேன். எப்படி வந்தார் என்பதையும் உங்களுக்கு எழுதத்தான் வேண்டும். மூன்று கிழமையாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணியும் நானும் முகாம் வாசலில் போய் நிற்போம். போன வருஷம் ஏப்ரலில் ஒருவர், எங்கள் பாஷை தெரிந்தவர், வந்து கேட்டார். "அவன் வேட்டைக்காரன்தான் என்றால் என்ன அத்தாட்சி?" உங்கள் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு எழுதியவை மட்டும். அதில் நான்தான் சுட்டேன், பிறவி வேட்டைக்காரன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். சுடத் தெரிந்தவன் என்று அவனே எழுதியிருக்கிறானே என்றார்கள்.

நீங்கள் மார்ச்சில் எழுதிய தனித் தாள் அப்போது என் சட்டைக்குள் இருந்தது. கொடுக்கவில்லை. களிசான் நனைந்த கதையை அந்த மனுசர்கள் வாசித்துச் சிரிப்பார்கள், என் புருசனைப் பார்த்து அவர்கள் சிரிக்க நான் விடமாட்டேன் என்று நினைத்தேன். அண்ணிக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தத் தாளோடு போனேன், அந்தத் தாளோடு திரும்பி வந்தேன். பதினொரு மாதம், மச்சான். நீங்கள் உங்கள் மானத்துக்காக ஒரு படம் அனுப்பினீர்கள். நான் உங்கள் மானத்துக்காகப் பதினொரு மாதம் ஒரு தாளை ஒளித்தேன். உங்களை எப்படி நான் திட்டுவேன்?

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி வாசலில் மயங்கி விழுந்தா. அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டுத் தங்கள் பாஷையில் சொல்லிச் சொல்லி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் நிலத்தில் குப்புற விழுந்து, தலைக்கு மேல் கையை வைத்து, அம்மா என்று கத்திக் காட்டினான். நானும் சிரித்தேன். நான் சிரித்தால் விடுவார்களோ என்று சிரித்தேன். என்னை மன்னியுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை அண்ணனை விட்டார்கள். கடிதங்களைத் திருப்பித் தரவில்லை. ஒன்றுகூட இல்லை.

அண்ணன் கூரைக்குக் கீழே வரமாட்டார். முற்றத்தில்தான் இருக்கிறார், மழைக்கும். வலது காதில் கேட்கவில்லை. உள்ளே ஒவ்வொரு நாளும் கனடாவில் என்ன நடக்கிறது என்று கேட்பார்களாம். இவர் ஒவ்வொரு நாளும் உயரம் இருபத்து நாலு, வாசல் நாலுக்கு மூன்று, மரச்சீவல் நாலு அங்குலம் என்று சொல்வாராம். வேறு ஒன்றும் தெரியாதே சொல்வதற்கு. வந்து பத்து நாள் பேசவில்லை. பிறகு முதன்முதலாக என்னிடம் கேட்டது இதுதான். "அந்தப் பெட்டியில முட்டையெல்லாம் பொரிச்சதாமா கா? மச்சானக் கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன். உள்ளதை எழுதுங்கள்.

நீங்கள் நவம்பரில் எழுதிய கடிதம் வருமுன்பே கொழும்பில் கூப்பிட்டார்கள். மெடிக்கலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. விசா பெட்டியில் இருக்கிறது. நான் அதைப் பற்றி இன்னும் ஒன்றும் யோசிக்கவில்லை.

கோணேஸ்வரி


அஜின்கோர்ட்
24.5.1987

அன்புள்ள கோணேசுக்கு, அன்பான அத்தானுக்கு,

அத்தான், நீங்கள் கேட்டதற்குப் பதில். போன வருஷம் என் பெட்டிகளில் ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. முப்பத்தொன்றும் கெட்டுப்போனது, நான் பெட்டிகளைக் கிட்டக்கிட்ட நட்டபடியால். அதை எழுதியிருந்தேன், அந்தக் கடிதமும் உங்கள் கைக்கு வந்திராது. இந்த வருஷம் ஐஸில் ஏறி ஆறு கம்பத்தையும் பிடுங்கி, ஒன்றுக்கு மற்றது தெரியாதபடி தூரத்தூர நட்டோம். நாலு பெட்டியில் தாரா அடைகாத்தது.

நேற்றுக் காலை ஒரு பெட்டிக்கு முன்னால் கரையில் அசையாமல் இருந்தேன். எனக்கு அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோணேசுக்குத் தெரியும். தாய் வெளியே வந்து தண்ணீரில் இறங்கி மெதுவாகக் கூப்பிட்டது. குஞ்சு ஒன்று வாசலுக்கு ஏறி வந்து எட்டிப் பார்த்தது. பொரித்து ஒரு நாள்தான். பறக்கச் செட்டை இல்லை. அப்படியே குதித்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாய்ப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. விழுந்ததும் ஒன்றும் நடவாததுபோல் நீந்திக்கொண்டு போயின.

பத்து குதித்தது. பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்று செத்துக் கிடந்தது. பதினொன்றும் குதித்தது என்று எழுதத்தான் பேனா போனது. இல்லை அத்தான், பத்துத்தான்.

செப்டெம்பரில் றொபேட் சுட வருவார். போன முறை என்னைக் கேட்டார். போனேன். தூரத்தில் அவருடைய ட்ரக்குக்குள் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தாராவை உரிக்கிறது மட்டும் நான். அவருக்கு அது போதுமாம்.

நான் உங்களுக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய ஏழு தாளையும் கிழித்துவிட்டேன். எந்தத் தாளும் அதற்குப் போதவில்லை.

பாக்கியராசா

தனித் தாள்

அவர்கள் சிரித்தது பரவாயில்லை. நீ சிரித்ததும் பரவாயில்லை. அத்தான் வந்தாரே. அந்தத் தாள் அவ்வளவுக்காவது உதவியது. நீ அதைப் பதினொரு மாதம் ஒளித்தது எனக்காக என்று வாசித்தபோது தெருவில் நின்று அழுதேன். யூன் முப்பது செவ்வாய்க்கிழமை. வேறு ஒன்றும் எழுதமாட்டேன்.


மட்டக்களப்பு
12.6.1987

அன்பு மச்சானுக்கு,

இந்த முறை தனித் தாள் இல்லை. எல்லாம் இந்த ஒரே தாளில்தான். அண்ணன் வாசிக்கட்டும், அண்ணி வாசிக்கட்டும், வழியில் திறக்கிறவர்களும் வாசிக்கட்டும். அவர்கள் எங்களிடம் வாசிக்காதது இனி என்ன இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அண்ணனே வாசித்தார், முற்றத்தில் இருந்து. பத்துக் குஞ்சு குதித்த இடத்தை நாலு தரம் வாசித்தார். செத்த குஞ்சு வந்ததும் நிறுத்தினார். நான் தாளை வாங்கப் போனேன். தரவில்லை. "மச்சான் இப்ப சரியா எழுதுறான்" என்றார். அடுத்த நாள் பழைய பெட்டிப் பலகையைக் கழற்றி, உள்ளே சொல்லிச் சொல்லி வைத்த அதே அளவுக்கு ஒரு பெட்டி அடித்தார். சுத்தியல் சத்தத்துக்கு அவரே ஒவ்வொரு அடிக்கும் திடுக்கிட்டார். ஆனாலும் அடித்து முடித்தார். வேம்பில் தூக்கியிருக்கிறது. மைனா ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகிறது, குடியிருக்குமோ தெரியாது. மழை வந்தால் இப்போது தாழ்வாரம்வரை வருகிறார்.

போகட்டுமா என்று அண்ணியைக் கேட்டேன். "என்னத்துக்கு என்னக் கேக்காய்? நான் என்ட புருசனப் பாத்துக்கொள்ளுவன். நீ போய் உன்ட புருசனப் பார்" என்றா. கோபத்தில் சொன்னாவா, மனதாரச் சொன்னாவா என்று தெரியவில்லை. பிறகு என் உடுப்புப் பெட்டியை அவவே அடுக்கினா.

இருபத்தேழாம் திகதி சனிக்கிழமை ரொறன்ரோவில் வந்து இறங்குவேன். பின்னேரம் நாலு மணி என்று எழுதியிருக்கிறது. கோடையாம், கோட்டுத் தேவையில்லையாம். எனக்கு முந்தி வரவேண்டும் என்று இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸில் போடுகிறேன்.

மச்சான், ஐந்து மாதம் சேர்ந்திருந்தேன், ஆனால் அந்த ஐந்து மாதமும் நீங்கள் எனக்குப் படம்தான் காட்டியிருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தாளில்தான். அதை என்னிடம் இருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் எனக்கு அது வரி வரியாகப் பாடம்.

அந்தச் சேற்றில் விழுந்து கிடந்த மனுசனிடம்தான் நான் வருகிறேன். அவர் வரட்டும் என்னைக் கூட்டிப்போக. படத்தில் துவக்கோடு நிற்கிறவர் எயார்போட்டுக்கு வரத் தேவையில்லை.

உங்கள்,
கோணேஸ்வரி